முதல் மாதம் மீன் விடக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்

அக்வாபோனிக்ஸ் ஒருநாள் பயிற்சி நடத்தும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று சென்ட் பசுமைக்குடிலில் அக்வாபோனிக்ஸ் முறையில், அதாவது மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் வளர்க்கிறேன். இது ஆறாவது வருஷம். உங்களைப் போன்ற ஒருவரிடம் ஒருநாள் பயிற்சி எடுத்துத்தான் நானும் இதில் இறங்கினேன். அவர் யார் என்பது இந்த மடலுக்கு வேண்டாம். அவரைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்பி பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். குடிக்கிற தண்ணீர் என்று நினைத்தேன். தன் மீன் தொட்டியிலிருந்து பிடித்து வந்திருந்தான். "அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. தினமும் முப்பது நாப்பது குஞ்சு செத்து மிதக்குது. என்னன்னு பாருங்க" என்றான். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி ஊற்றி, அம்மோனியா பார்க்கிற மருந்தை எட்டு எட்டுச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தோம். நல்ல தண்ணீராக இருந்தால் எலுமிச்சை மஞ்சளில் நிற்கும். அது வெளிர்பச்சை ஆகி, இலைப்பச்சை ஆகி, கடைசியில் பாட்டில் பச்சைக்கு வந்து நின்றது. அவன் அதற்கு முன்னால் இந்தச் சோதனையைப் பார்த்ததே இல்லை. பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறான், சான்றிதழ் வாங்கியிருக்கிறான், மனைவியின் ஆரத்தை அடகு வைத்துத் தொட்டி போட்டிருக்கிறான். தண்ணீரில் என்ன நடக்கிறது என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் தொட்டியிலும் இதே பச்சைதான் இருந்திருக்கும். பார்ப்பதற்கு என்னிடமும் சொட்டு மருந்து இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பயிற்சியில் குழாய் எப்படி இணைப்பது என்று நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள். பெல் சைபன் (தண்ணீர் நிரம்பியதும் தானாக வடித்துவிடுகிற குழாய் அமைப்பு) எப்படி வேலை செய்கிறது, தெர்மாகோல் அட்டையில் எத்தனை இன்ச்சுக்கு ஒரு ஓட்டை, செடி வைக்கிற வலைக் கிண்ணத்தில் எவ்வளவு கூழாங்கல் என்று எல்லாம் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் லாபக் கணக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் காணாமல் போகிறது. "மீன் கழிவைச் செடி சாப்பிடும், செடி தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுக்கும்" என்ற ஒரே வாக்கியத்தில் அது முடிந்துவிடுகிறது.

நம் வீடுகளில் மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது பழைய வழக்கம். அதனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் கறிவேப்பிலை நிற்பது மண்ணில். மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஊற்றியதை அவை பக்குவம் பண்ணிச் செடிக்குக் கொடுக்கின்றன. நேற்று வாங்கிய தார்ப்பாய் தொட்டியிலும், புதுக் குழாயிலும் அவை இல்லை. அவை குடியேற வேண்டும். மீன் செவுளிலிருந்து வெளியே வருவது அம்மோனியா. அதை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோசோமோனாஸ் என்று பெயர். அந்த நைட்ரைட்டை இன்னொரு கூட்டம், நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் என்று சொல்வார்களே, அவை நைட்ரேட்டாக மாற்றும். மீனுக்கு முதலாவதும் நஞ்சு, இரண்டாவதும் நஞ்சு. மூன்றாவது மட்டும்தான் செடி விரும்பிச் சாப்பிடுகிற, மீனுக்குப் பெரிய தொந்தரவு தராத உரம். இந்த இரண்டு கூட்டமும் ஜல்லியிலும் குழாயின் உள்சுவரிலும் ஒட்டிப் பெருகி வேலைக்குத் தயாராக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். ரொட்டிமாவு புளிக்கிற மாதிரி ஒரே ராத்திரியில் ஆகிற வேலை இல்லை.

இந்தக் காத்திருப்புக்கு ஏன் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்று நான் பல நாள் யோசித்தது உண்டு. ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓட விடுங்கள் என்று சொன்னால் வந்தவர்களின் உற்சாகம் குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. நான் தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாளே 600 குஞ்சு விட்டேன். 5,000 லிட்டர் தொட்டி இரண்டு, மொத்தம் 10,000 லிட்டர். குஞ்சுகள் சுறுசுறுப்பாகத் தின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருந்ததால் ஒரு நாளைக்குக் கால் கிலோ வரைக்கும் தீவனம் போட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்த மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் குஞ்சு, வயிறு மேலே. செவுள் கருஞ்சிவப்பாக வெந்த மாதிரி. என் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் சல்லடையால் அள்ளி அள்ளி வாழைக்கடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

அப்புறம்தான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். இந்தக் கணக்கு மிகச் சுலபம். ஒரு பலகையில் ஐந்து நிமிடத்தில் நீங்களே போட்டுக் காட்டலாம். ஒரு கிலோ மீன் தீவனம் போட்டால் தோராயமாக 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். கால் கிலோவுக்கு ஏழரை கிராம். அதை 10,000 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு முக்கால் மில்லிகிராம். அது ஒரே நாளில். தின்பதற்கு நுண்ணுயிர் இல்லாத தொட்டியில் ஒன்பது நாளில் ஆறு மில்லிகிராமைத் தாண்டிவிடும். இருக்க வேண்டியது ஒன்றுக்குள்.

இதில் நம் ஊர் போர் தண்ணீர் இன்னொரு வேலை செய்கிறது. தண்ணீரில் இருக்கிற அம்மோனியா முழுவதும் நஞ்சு இல்லை. அதில் ஒரு பங்குதான் மீனைக் கொல்லும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை பி.எச். அளவும் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்) சூடும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி சூட்டில், பி.எச். 7 இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு கூடக் கிடையாது. பி.எச். 8 ஆனால் ஏழரைப் பங்கு. 9க்குப் போனால் கிட்டத்தட்ட பாதி. என் போர் தண்ணீர் 8.2. எங்கள் பக்கத்துத் தண்ணீர் பாதிக்கு மேல் இப்படித்தான். குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறவனும் போர் தண்ணீரை அப்படியே விடுகிறவனும் ஒரே தீவனம் போட்டாலும் ஒருவன் மீன் பிழைக்கும், இன்னொருவன் மீன் சாகும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே, "வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால் போதும். ஒவ்வொருவர் தண்ணீரிலும் சொட்டு விட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பி.எச். அளவைச் சொல்லி அனுப்புங்கள். ஒரு சான்றிதழை விட அது பெரிய உதவி.

ஜல்லியிலும் ஒரு விஷயம். கூழாங்கல் என்று வாங்குவதில் சுண்ணாம்புக்கல் கலந்து வரும். அது தொட்டியில் கிடந்தால் பி.எச். இறங்கவே இறங்காது. ஒரு கல்லை எடுத்து அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் தெரிந்துவிடும், நுரைத்தால் வேண்டாம். வினிகர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரைக்கும் என் கீரையின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாக நின்றது. இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் இரும்பு, பொட்டாசியம், சுண்ணாம்புச் சத்து மூன்றும் செடிக்குப் போதுமான அளவு கிடையாது. பி.எச். கூடுதலாக இருந்தால் இருக்கிற இரும்பையும் வேர் எடுக்காது. கீலேட் செய்த இரும்பை, அதாவது வேர் எளிதாக எடுக்கும்படி பக்குவம் பண்ணிய இரும்பைத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும். "மீன் கழிவே முழு உரம், வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதை நம்பியவன் மூன்றாம் மாதம் மஞ்சள் கீரையைச் சந்தைக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறான்.

சரி, இப்போது பசுமைக்குடில்.

எனக்குப் பயிற்சியில் காட்டிய படங்களில் எல்லாம் கண்ணாடி வீடு போல ஒரு குடில், உள்ளே வரிசை வரிசையாக லெட்டூஸ் என்கிற சாலட் கீரை. நானும் அதே போல யு.வி. ஷீட் (வெயில் தாங்குகிற பிளாஸ்டிக் விரிப்பு) போட்டு நாலு பக்கமும் மூடினேன். அந்த ஷீட் எதற்கு என்று யோசிக்கவே இல்லை. குளிர்நாட்டில் பனிக்கு நடுவே சூட்டைப் பிடித்து வைக்கத்தான் அந்த வீடு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்கிற இடத்தில் நியூ ஆல்கெமி இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1970களில் இப்படி வீட்டுக்குள் மீன் தொட்டி வைத்தார்கள். பகலில் தொட்டித் தண்ணீர் வெயிலைக் குடித்துக்கொள்ளும், ராத்திரி அந்தச் சூட்டை வெளியே விட்டுச் செடியைக் காக்கும். அங்கே பனி பெய்கிறது. அவர்களுக்கு அது சரி.

நீங்கள் எல்லோரும் படம் போட்டுக் காட்டுகிற மிதவை முறை இருக்கிறதே, தெர்மாகோல் அட்டையில் செடி மிதக்கிற அந்த வடிவம், அது வளர்ந்த இடம் வேறு. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற தீவு. அங்கே வர்ஜின் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1980களிலிருந்து வருஷக்கணக்கில் உழைத்து அதை உருவாக்கினார்கள். அது நம்மைப் போல வெப்பமான ஊர். அவர்களுடைய செடித் தொட்டிகள் திறந்த வானத்தின் கீழ்தான் இருந்தன. கண்ணாடி வீடு கிடையாது. மீன் தொட்டிக்கு மட்டும் நிழல். நாம் தீவிலிருந்து தொட்டியை எடுத்துக்கொண்டு, பனி ஊரிலிருந்து கூரையை எடுத்துக்கொண்டு, இரண்டையும் திண்டுக்கல் வெயிலில் கொண்டுவந்து வைக்கிறோம்.

என் முதல் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் குடிலுக்குள் 44 டிகிரி. தண்ணீர் 33. லெட்டூஸ் ஒரே வாரத்தில் தண்டு நீண்டு பூவெடுத்துக் கசந்துபோனது. அட்டையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வேருக்குப் பதில் பழுப்பு நூல், தொட்டால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அழுகல் வாடை. சூடான தண்ணீரில் வேரழுகல் பூஞ்சை சீக்கிரம் ஏறிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: தண்ணீர் சூடாக ஆக அதில் தங்கக்கூடிய ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும், 35ல் ஏழுதான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிறது.

இப்போது என் குடிலில் பக்கவாட்டு ஷீட் கிடையாது. நாலு பக்கமும் பூச்சி வலைதான். மேலே மழைக்கு மட்டும் ஷீட், அதற்குக் கீழே 50 சதவீத நிழல்வலை. மீன் தொட்டியைச் சுற்றித் தென்னை ஓலைத் தட்டி கட்டியிருக்கிறேன். லெட்டூஸ் கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும்தான். மற்ற மாதங்களில் வள்ளைக்கீரை, தண்டுக்கீரை, புதினா, வல்லாரை. வள்ளைக்கீரையைப் பற்றிச் சொல்லவேண்டும். தண்ணீரிலேயே பிறந்த கீரை அது, கோடையில் மற்றதெல்லாம் வாடும்போது அது மட்டும் நாள் ஒன்றுக்கு விரல்நீளம் வளரும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். எந்தப் பயிற்சியிலும் அதன் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓசூர் பக்கம் உயரமான இடம், குளிர்ச்சி இருக்கிறது, அங்கே குடைமிளகாய்க்கும் ரோஜாவுக்கும் பாலிஹவுஸ் என்கிற மூடிய பிளாஸ்டிக் குடில் போட்டு நன்றாகச் செய்கிறார்கள். அங்கே மூடிய குடில் பொருந்தலாம். ராமநாதபுரத்துக்காரருக்கும் அதே வரைபடத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஊட்டியிலிருந்து வருகிறவரிடம் ஜிலேபி (திலேப்பியா) மீனைப் பரிந்துரைக்காதீர்கள். 20 டிகிரிக்குக் கீழே போனாலே அது தீவனம் எடுக்காமல் மந்தமாகிவிடும்.

மூடிய குடிலுக்குள் வெள்ளை ஈ வந்தால் என்ன செய்வது என்பதும் வகுப்பில் வரவேண்டும். மற்ற தோட்டத்தில் மருந்து அடித்துவிடலாம். இங்கே இலையில் அடிக்கிற மருந்து தண்ணீரில் சொட்டும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒரு தெளிப்பு போதும். மஞ்சள் ஒட்டு அட்டை, பூச்சி வலை, கையால் நசுக்குவது, இதுதான் நமக்கு. வேப்ப எண்ணெய்க் கரைசலைக்கூட நான் தொட்டிப் பக்கம் கொண்டுபோவதில்லை. செடியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

அடுத்து எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது.

முதல் குஞ்சுகள் செத்தபிறகு, இரண்டு மாதம் தண்ணீரை ஓடவிட்டு, சோதனைப் பெட்டி வாங்கி, மறுபடியும் 600 குஞ்சு விட்டேன். இந்தத் தடவை எல்லாம் நன்றாக வந்தது. ஆறாவது மாதத்தில் ஒவ்வொன்றும் 300 கிராம். கையில் பிடித்தால் கனம் தெரியும். அடுத்த வாரம் வியாபாரி வருவதாக இருந்தது. ஒரு ராத்திரி காற்று மழை, கரண்ட் போய்விட்டது. பயிற்சியில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டது எனக்கு நினைவில் இருந்தது: "சார், கரண்ட் போனா?" அதற்கு வந்த பதில், "தண்ணி அவ்வளவு இருக்கே, நாலஞ்சு மணி நேரம் தாங்கும்." அதை நம்பித் திரும்பிப் படுத்தேன். விடியக்காலம் நாலரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போனேன். தொட்டியில் சத்தமே இல்லை. சாதாரணமாக வெளிச்சம் பட்டதும் சளக்கென்று ஒரு சுழி வரும். சில மீன்கள் மட்டும் ஓரத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் மனைவி இன்னொரு தொட்டியில். விடிந்தபோது 40 மீன் உயிரோடு இருந்தது.

அந்தக் கணக்கையும் கேளுங்கள். ஒரு கிலோ மீன் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும். 600 மீன், 300 கிராம், ஆக 180 கிலோ. மணிக்கு 54 கிராம். என் 10,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தமே 60 கிராம்தான் இருக்கிறது. நுண்ணுயிர்களும் அதிலிருந்துதான் மூச்சு விடவேண்டும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அரை மணியில் மீன் தவிக்க ஆரம்பித்துவிடும். நாலஞ்சு மணி நேரம் என்று சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் தொட்டியில் அன்றைக்குக் குஞ்சுகள் இருந்திருக்கும், அதற்குத் தாங்கியிருக்கும். ஆனால் அந்த ஒரு பதிலுக்கு நான் 560 மீன் கொடுத்தேன்.

அதனால் கேட்கிறேன். காற்று பம்புக்குப் பேட்டரி இல்லாமல் யாருக்கும் தொட்டி போட்டுக் கொடுக்காதீர்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விலைப்பட்டியலில் இருந்து அதை எடுக்க விடாதீர்கள். கரண்ட் போனதும் பேட்டரியில் தானாக ஓடுகிற டி.சி. ஏர் பம்ப் (காற்று பம்ப்), ஒரு பேட்டரி, கரண்ட் போனால் கத்துகிற ஒரு அலாரம். மீன் வாங்குவதற்கு முன்னால் வாங்கவேண்டியது அது. பயிற்சி நாளன்று உங்கள் சொந்தத் தொட்டியில் எல்லோர் முன்னாலும் மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டுங்கள். பேட்டரி பம்ப் எடுத்துக்கொள்கிறதா என்று அவர்களே கண்ணால் பார்க்கட்டும்.

லாபக் கணக்கைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. 2015ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அக்வாபோனிக்ஸை வியாபாரமாகச் செய்கிற 257 பேரிடம் கேட்டதில், முந்தின பன்னிரண்டு மாதத்தில் லாபம் பார்த்தவர்கள் 31 சதவீதம்தான். மீன், காய்கறியோடு பயிற்சி, ஆலோசனை, உபகரணங்கள் என்று மற்றவற்றையும் விற்றவர்களுக்கு லாபம் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதில் இருக்கிறது. பயிற்சி நடத்துவது தப்பு என்று சொல்ல வரவில்லை. கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி வேண்டும். ஆனால் பலகையில் எழுதுகிற லாபத்தில் எவ்வளவு கீரையிலிருந்து, எவ்வளவு மீனிலிருந்து, எவ்வளவு பயிற்சிக் கட்டணத்திலிருந்து என்று பிரித்து எழுதுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் நாளைக்குப் பயிற்சி நடத்தப் போவதில்லை. அவருக்குக் கீரையும் மீனும் மட்டும்தான்.

என் கணக்கை இங்கே வைக்கிறேன். தொட்டிக்கு 400 குஞ்சு, இரண்டு தொட்டிக்கும் மூன்று மாத இடைவெளி. 350 கிராம் வந்ததும் பிடித்துவிடுவேன். மாதம் சராசரி 45 கிலோ மீன், உயிரோடு கொடுப்பதால் கிலோ 140 ரூபாய், 6,300. செடித் தொட்டி 50 சதுர மீட்டர், மாதம் 500 கட்டு, கட்டு பத்து ரூபாய் வீதம் 5,000. வரவு 11,300. தீவனம் 3,700, கரண்ட் 1,400, இரும்பு, விதை, குஞ்சு எல்லாம் சேர்த்து 800. மிச்சம் 5,400 ரூபாய். இதில் எனக்கும் என் மனைவிக்கும் கூலி போடவில்லை, குடில் கட்டிய செலவைக் கழிக்கவில்லை. மூன்று சென்ட் நிலம், கடுமையான தண்ணீர்ப் பஞ்ச ஊர், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை. இதற்கு எனக்கு இந்தப் பணம் போதும், சந்தோஷமாகத்தான் செய்கிறேன். ஆறு குடம் ஊற்றினாலும் குடித்துவிடுகிற எங்கள் செம்மண்ணில், ஆவியாகிப் போகிற தண்ணீரை மட்டும் ஊற்றி வருஷம் முழுக்கக் கீரை எடுக்கிறேன் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வா என்று என் தம்பியிடம் நான் சொல்லமாட்டேன். நீங்களும் இன்னொருவர் தம்பியிடம் சொல்லாதீர்கள்.

செடி, மீன் கணக்கைக்கூடச் சரியாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014ல் வெளியிட்ட கையேட்டில் தெளிவாக இருக்கிறது: கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய் வகைக்கு 50 முதல் 80 கிராம். "எத்தனை மீனுக்கு எத்தனை செடி" என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். போடுகிற தீவனத்தை எடை போட்டால் போதும். என் தொட்டி 45 கிராமில் ஓடுகிறது, அந்தக் கையேடு சொன்ன மாதிரியே.

குஞ்சு விஷயமும். ஜிலேபி 1952ல் நம் நாட்டுக்குள் வந்தது, அப்புறம் ஏரி குளம் எல்லாம் அதுவாகிப்போனதை நம் அப்பாக்கள் பார்த்தார்கள். இன்றைக்கு வளர்க்கிற கிஃப்ட் ஜிலேபிக்கு (வேகமாக வளரும்படி தேர்ந்தெடுத்து மேம்படுத்திய வகை) அனுமதி வாங்கவேண்டும், அங்கீகாரம் உள்ள பொரிப்பகத்தில்தான் குஞ்சு எடுக்கவேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது. அந்தத் தம்பிக்குக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பயிற்சி முடிஞ்சதும் வேன்ல கொண்டாந்து கொடுத்தாங்கண்ணா" என்றான். எந்த மீன் என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஒரு பில்லாவது கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பயிற்சியை ஒரு நாளில் முடிக்காதீர்கள் என்று கேட்கிறேன். முதல் ஞாயிறு வந்து தண்ணீரைப் பற்றிக் கற்றுக்கொண்டு, வீட்டில் தொட்டியை நிரப்பி, அம்மோனியா வருவதற்கு ஒரு கைப்பிடித் தீவனம் போடட்டும். ஒரு மாதம் அவரவர் வீட்டில் வாரம் இரண்டு முறை சொட்டு விட்டு, வண்ணத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அம்மோனியா பச்சை ஏறி இறங்குவதையும், நைட்ரைட் ஊதாவாக ஏறி மறுபடியும் வானநீலத்துக்கு வருவதையும், நைட்ரேட் சிவக்கத் தொடங்குவதையும் தங்கள் கையால் பார்க்கட்டும். அது முடிந்தபிறகு இரண்டாவது ஞாயிறு வைத்து அப்போது மீனைப் பற்றிப் பேசுங்கள். ஒரு மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் பணம் போடாமலே நின்றுவிடுவார்; அதுவும் அவருக்கு நல்லதுதான். உங்கள் கட்டணத்தை அதற்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஓடுகிற தொட்டியின் பழைய ஜல்லியில் ஒரு வாளி கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் போட்டால் நுண்ணுயிர் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். என்னிடம் ஜல்லி இருக்கிறது. உங்களிடம் படிக்கிறவர் யாராக இருந்தாலும் திண்டுக்கல் பக்கம் வந்தால் ஈரத்துணி போர்த்தி ஒரு வாளி கொடுத்தனுப்புகிறேன், காசு வேண்டாம். நோய் வந்த தொட்டியிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். என் தொட்டியில் இப்போது நோய் இல்லை.

அன்றைக்கு அந்தத் தம்பியும் ஒரு வாளி எடுத்துக்கொண்டுதான் போனான். மிச்சமிருந்த குஞ்சுகளைப் பக்கத்துக் கிணற்றுக்காரர் தொட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தண்ணீரில் பாதியை மாற்றி, நுண்ணுயிருக்கு அம்மோனியா கிடைக்க ஒரு கைப்பிடித் தீவனத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மீன் இல்லாமல் தண்ணீரை ஓடவிட்டான். இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் போன் பண்ணினான். "அண்ணா, நைட்ரைட் ஊதா போயிடுச்சு. வெளிர்நீலமா இருக்கு. மீன் விடலாமா?" இன்னும் நாலு நாள் பார்த்துவிட்டு விடு என்றேன். முதலில் ஐம்பது விடு, அதற்கு முன்னால் பேட்டரி வாங்கு என்றேன். பேட்டரி வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

அன்புடன்,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு மீன்–கீரை விவசாயி